ஸெல்ஃபா

ரயில் பாதை போடும் பொறியாளருக்கு
ஒரு மகள் இருந்தாள். பெயர் ஸெல்ஃபா.
அதையே ஊருக்கு வைத்தார்கள்,
அப்பன் மனசு இளகும் என்று.
இளகவில்லை.
தண்டவாளம் பதினோரு மைல் தெற்கே போனது.
கிணற்று நீரில் உவர்ப்பு,
என்ஜின் கொதிகலனுக்கு ஆகாது என்று
ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்.
அதே நீரை இருபது வருடமாய்
இருநூற்றுப் பதினான்கு பேர்
குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கடிதம் இப்போது என் மேஜையில்.
தெற்கு டகோட்டா, மாவட்ட அலுவலகம், வரைபடப் பிரிவு.
ஆளில்லாத பெயர்களை நீக்குவது
இந்த மாதத்து வேலை.

1907, பிப்ரவரி.
பனி இறுகித் தரை கண்ணாடியானதும்
வீடுகளை அடியோடு நெம்பி
மரச்சறுக்குகளில் ஏற்றினார்கள்.
வீட்டுக்கு இருபத்திரண்டு குதிரை.
ரயில் வராவிட்டால் என்ன,
ரயிலிடம் ஊர் போகும்.

மாரிட் ட்வைட்டன் இறங்க மாட்டேன் என்றாள்.
மாவு பொங்கி நிற்கிறது, அடுப்பை அணைக்க முடியாது.
புகைபோக்கி புகையப் புகைய
சமவெளியில் ஒரு வீடு நகர்ந்துபோனது.
ஏழாவது மைலில் ரொட்டி வெந்தது,
ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து, சாய்ந்து.
குதிரைக்காரர்கள் ஜன்னலில் கைநீட்டி
வாங்கித் தின்றார்கள்.

பள்ளிக்கூடம் போனது, கரும்பலகையில்
பாதியில் நின்ற வகுத்தல் கணக்கோடு.
தேவாலயம் இரண்டு துண்டாய்ப் போனது.
கடைசியாக, ஒரே விடியலில்,
மதுக்கடையும் ஷெரீஃப் வீடும்.

சிறை மட்டும் கல் கட்டடம்.
அதை யார் இழுப்பது?

உள்ளே டுவைட் பெல்க்கி.
மதுக்கடைக்கு விடை கொடுக்கும் சாக்கில்
முந்தின இரவு அளவு மீறியவன்.
உச்சிவேளைக்குக் கண் திறந்தான்.
கம்பிக்கு வெளியே ஊரைக் காணோம்.
சறுக்கு இழுத்த கோடுகள் மட்டும் பனியில்,
எல்லாம் ஒரே பக்கமாக.
கூப்பிட்டுப் பார்த்தான்.
குரல் முட்டித் திரும்ப ஒரு சுவர்கூட இல்லை.

ஷெரீஃப் புது இடத்தில் கோட்டைக் கழற்றி
ஆணியில் மாட்டப் போனபோதுதான்
ஆணியில் சாவி தொங்குவதைப் பார்த்தார்.

பதினோரு மைல் திரும்பி வந்து திறந்தபோது
பெல்க்கி சொன்னானாம்:
கதவைச் சாத்து, குளிர் வருகிறது.

அவன் போகவேயில்லை.

1910 கணக்கெடுப்பு: ஸெல்ஃபா, மக்கள்தொகை ஒன்று.
தொழில் என்ற கட்டத்தில்
'கைதி' என்று எழுதி, அடித்து,
'மேயர்' என்று எழுதி, அதையும் அடித்து,
'உருளைக்கிழங்கு' என்று முடித்திருக்கிறார்
வந்த அதிகாரி.
மையைப் பார்த்தால், நடுவில்
ரொம்ப நேரம் யோசித்திருக்கிறார்.

வடக்கு மேட்டில் ஒன்பது சிலுவைகள்.
அவற்றையும் யாரும் சறுக்கில் ஏற்றவில்லை.
ஒன்றில் ட்வைட்டன் என்று மட்டும்,
முன்பெயர் வைக்க நாள் போதவில்லை.
வருடா வருடம் மே மாதம் மாரிட் வருவாள்.
பெல்க்கிக்கு ஒரு ரொட்டி கொடுப்பாள்.
அவன் வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டே
வேறு எங்கேயோ பார்ப்பான்.

அவன் செத்தது 1931. சிறையை உடைத்து
நெடுஞ்சாலைக்கு அடிக்கல் போட்டது 1952.
தெற்கே போன ஊருக்கும் ரயில் நின்று,
தண்டவாளத்தை எடைக்குப் போட்டது 1978.

நேற்று நேரில் போனேன்.
கண்ணுக்கெட்டியவரை சூரியகாந்தி.
நிலம் லோர்னா ஷ்மவுட்ஸ் என்பவருடையது.
விதைத்த வரிசைகள் நூல் பிடித்தாற்போல் வந்து
ஓரிடத்தில் மட்டும் விலகி, வளைந்து,
மறுபடி நேராயின.
அங்கே ஒன்றுமில்லை. மண்தான்.

"அப்பா சிறையைச் சுற்றித்தான் உழுவார்," என்றார்.
"கல்லை எடுத்த பிறகும் கை பழக்கம்.
எனக்கு அவர் தடம்.
இப்போது இயந்திரமே செயற்கைக்கோள் பார்த்து ஓடுகிறது,
முதல் வருடம் நான் ஓட்டிய பாதையை
அது மனப்பாடம் செய்துகொண்டது.
மாற்றலாம். ஒரு பொத்தான்தான்."
டிராக்டர் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

அலுவலகம் திரும்பி
வரைபடத்திலிருந்து புள்ளியை எடுத்துவிட்டேன்.
பெயரையும்.

வளைவு என் பிரிவில் வராது.